தில்லையடியில் பதினொரு கோப்பை மழை

தில்லையடி,
புத்தளம்.
21.11.1997, வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்து எழுதியது.

டோஹாவில் கம்பனி கிளாக்கராக இருந்து நம் குடும்பத்துக்குப் பெயர் எடுத்துத் தந்துகொண்டிருக்கும் அருமை மருமகன் இஸ்ஸதீனுக்கு, தாய்மாமன் அபூசாலி எழுதிக்கொள்வது:

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உன் மாமி கமறியா, ஆடு இரண்டு, குட்டி மூன்று ஆகிய எல்லோரும் சுகம். அங்கே நீயும் மருமகள் ஜெமீலாவும் குழந்தையும் சுகமாயிருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்டு வருகிறோம். என் முழங்கால் வலி போய்விட்டது. எப்படிப் போனது என்று ஒரு டாக்டரே என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை விற்காதே.

உன் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன், மாமிக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டினேன். தண்ணி ஏறுகிற வீடு எனக்கு வேண்டாம், ஜெமீலா இனி அதில் கால் வைக்கமாட்டாள், நீர்கொழும்பில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், மாத முடிவில் அற்றோணிப் பத்திரம் வரும், மாமா எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைத்துத் தரகரிடம் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். போன மாரியில் நீங்கள் லீவில் வந்திருந்தபோது தண்ணி உள்ளே வந்தது உண்மைதான். ஜெமீலா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்காமல் இருந்ததும், உங்கள் செருப்பு நாலும் பின்கதவால் வெளிக்கிட்டுப் போய் மெயின் றோட்டில் அத்தாஉல்லாவின் கடை வாசலில் ஜோடி ஜோடியாக நின்றதும் உண்மைதான். அந்தக் காணியைத் தேடித் தந்தவன் நான் என்பதைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் சொல்லிக்காட்டியிருக்கிறாய். நான் மறுக்கவில்லை. ஆனால் மகன், இந்த ஒரு வருஷத்தில் உன் மாமா என்ன செய்திருக்கிறான் என்று தெரிந்தால் நீ அந்தப் பத்திரத்தைக் கிழித்துப்போட்டு விமானத்துக்கு இடம் போடுவாய். ஆகவே இதை ஆறுதலாக இருந்து வாசி. ஜெமீலாவுக்கும் வாசித்துக் காட்டு, முக்கியமாக என்னைப் பற்றி வரும் இடங்களை.

நீங்கள் போன பிறகு ஊருக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. றோட்டில் விழுகிற மழைத்தண்ணியைக் குப்பையோடும் எண்ணெயோடும் அப்படியே கடலோரக் களப்புக்குள் தள்ளக் கூடாது. வடிகால் கான் வெட்டி, ஓரிடத்தில் தேக்கி, மண்டி அடங்கித் தெளிந்த பிறகுதான் விடவேண்டும். எந்தத் தெருவில் எவ்வளவு மழை விழுகிறது, அது எந்த வழியாக ஓடுகிறது என்றெல்லாம் அளந்து, ஆலோசகர் என்று பெயர் உள்ள இன்ஜினியர்கள் கையெழுத்திட்ட திட்டம் ஒன்றை நவம்பர் முடியுமுன் கொழும்புக்குக் கொடுக்கவேண்டும். திட்டத்தில் பெயர் ஏறிய தெருவுக்குக் கான் வரும். பெயர் ஏறாத தெரு தண்ணிக்குள் கிடக்கவேண்டியதுதான். அதாவது உன் வீடு தப்புமா இல்லையா என்பது நம் இரண்டு வீடும் நிற்கிற இந்தச் சின்னத் தெரு, தில்லையடி ஒழுங்கை, அந்தக் கடதாசியில் ஏறுமா இல்லையா என்பதில் வந்து நின்றது. இந்தச் சட்டத்தில் உள்ளதில் முக்கால்வாசியை உப்பளத்தில் கங்காணியாக நான் முப்பத்திரண்டு வருஷம் செய்தவன், தண்ணியை உள்ளே விடுவது, தேக்குவது, தெளியவிடுவது எல்லாம். என்னிடம் கேட்டிருந்தால் சட்டத்தையே இன்னும் நன்றாக எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஆலோசகர்களைத் தெரிவுசெய்ய நகரசபையில் ஏழு பேர் கொண்ட குழு ஒன்று போட்டார்கள். ஆறு பேர் படித்தவர்கள். ஒருவனுக்காவது தண்ணி தெரிந்திருக்கவேண்டும் என்று சேர்மனே என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவர் ஆட்டுக்குட்டி விலை கேட்டு வந்தார் என்று உன் மாமி சொல்லுவாள். இரண்டுக்கும்தான் வந்தார்.

தெரிவு நாளன்று மண்டபத்துக்கு மூன்று கம்பனி வந்தது. முதலாவதில் நாலு பேர், நாலு பேருக்கும் கழுத்துப்பட்டி, சுவரில் படம் காட்டுகிற மெஷின். படம் தொடங்கக் கரண்ட் போய்விட்டது, அவர்களுக்கு அதற்குமேல் கதை வரவில்லை. இரண்டாவது கம்பனி ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டி வந்தது. அவர் பத்து நாட்டில் கான் கட்டியவராம், நல்ல மனுஷன், நான் சிரித்தால் அவரும் சிரித்தார். மூன்றாவது கம்பனி ஒரு பழைய வான் வண்டியில் வந்தது. அதில் கனகசுந்தரம் என்று வயதுபோன பெரிய இன்ஜினியர் ஒருவர், யாழ்ப்பாணத்து ஆள், வெள்ளவத்தையில் இருக்கிறார். கூட யூஜீனியா என்று சிலாபத்துப் பிள்ளை ஒன்று, அதுவும் இன்ஜினியர், மெலிந்த பிள்ளை, தோளில் பெரிய பை. படித்த ஆறு பேரும் இங்கிலீசில் பல கேள்வி கேட்டார்கள். நானும் இங்கிலீசில் கேட்டிருக்கலாம், ஆனால் சேர்மனுக்கு விளங்காமல் போய்விடும் என்று தமிழிலேயே எழும்பினேன். உப்பளத்துக்குப் புது ஆள் எடுத்தால் நாங்கள் சோதிக்கிற சோதனைதான்.

"ஐயாமார், ஒரே ஒரு கேள்வி. இந்த மண்டபத்து நடுவுல நான் ஒரு வாளி தண்ணி ஊத்தினா அது எந்தப் பக்கம் ஓடும்?"

முதலாவது கம்பனி, அதை அளவை செய்துதான் சொல்லலாம், ஆறு கிழமை வேண்டும் என்றது. வெள்ளைக்காரர், மண்டபத்துக்குள் ஏன் தண்ணி ஊற்றவேண்டும் என்று திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். யூஜீனியாப் பிள்ளை சப்பாத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, வாசலில் இருந்து மேடை வரைக்கும் வெறுங்காலோடு மெல்ல நடந்தாள். மகன், நம்முடைய உப்புப் பாத்திகளில் வரம்பு மட்டம் பார்க்கும்போது நாங்கள் எப்படிக் கால் வைப்போமோ அப்படியே வைத்தாள். திரும்பி வந்து, சேர்மன் உட்கார்ந்திருந்த பக்கம் கைகாட்டி, "சேர்மன் சேர்ட கதிரைக்கு" என்றாள்.

சேர்மனுக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளை, இது போன வருஷம் போட்ட சீமெந்து. மட்டம் பார்த்துப் போட்டது."

"ஓம் சேர். அதுதான் சிந்தாமச் சிதறாம ஒரே பக்கமா வரும்."

நான் வாளியைக் கவிழ்த்தேன். தண்ணி ஒரு யோசனையும் இல்லாமல் நேரே சேர்மனிடம் போனது. அவர் காலை மேலே தூக்கினார். கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்திருந்த மூன்று கம்பனியின் பத்திரக் கட்டுகளும் நனைந்தன. முதல் இரண்டு கட்டிலும் கையெழுத்து எல்லாம் நீல மையாகக் கரைந்து ஓடிவிட்டது; கையெழுத்து இல்லாத பத்திரம் செல்லாது என்று செயலாளர் சொல்லிவிட்டார். மூன்றாவது கட்டைப் பொலித்தீனில் சுற்றி இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். "மழைத்தண்ணி வேலைக்கு வாறம், வேற எப்படிக் கொண்டுவாறது" என்று கனகசுந்தரம் ஐயா கேட்டார். அவர்களையே எடுத்தோம். உண்மையில் எடுத்தது நான்தான், மற்ற ஆறு பேரும் கை உயர்த்தினார்கள்.

அளவை தொடங்கிய நாளே சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டார்கள். மூன்று காலில் மட்டம் பார்க்கிற குழாய் ஒன்றை நிறுத்தி றோட்டைப் பார்த்துக் குறிவைத்தால் இந்த யுத்த காலத்தில் யார் விடுவார்கள். ஆமிக்காரர் ஏழெட்டுப் பேர் ஓடிவந்து சுற்றி நின்றார்கள், கனகசுந்தரம் ஐயாவின் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததும் முகம் இன்னும் இறுகியது. நான் நடுவில் புகுந்து சிங்களத்தில் அரைமணி நேரம் பேசினேன். அந்த அரைமணி நேரத்தில் நிலைமை கொஞ்சம் மோசமாகிவிட்டது. பிறகு யூஜீனியா கோப்ரலைக் கூப்பிட்டு, நீங்களே பாருங்கள் என்று குழாய்க்குள் கண்ணை வைக்கச் சொன்னாள். அந்தக் குழாய் பழைய சாமான், அதில் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். கோப்ரல் பார்த்தார், கண்ணை எடுத்தார், திரும்பவும் பார்த்தார். அத்தாஉல்லாவின் கடை தலைகீழாக, கடைக்குள் அத்தாஉல்லா தலைகீழாக வாழைக்குலை கட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்ன, சாவடியில் இருந்த எல்லோரும் வரிசையில் நின்று ஊரைத் தலைகீழாகப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அளவுகோல் தடியைப் பிடிப்பதற்கு ஆமிக்காரரே போட்டி போட்டார்கள். இதெல்லாம் நான் சிங்களத்தில் அடித்தளம் போட்டதால் நடந்தது.

அடுத்தது மழைமானி. அது ஒரு செம்புக் குழாய், வாய் ஐந்து அங்குலம், உள்ளே ஒரு போத்தல். பாதி மண்ணுக்குள் புதைத்து வைத்தால் விழுகிற மழை போத்தலில் சேரும், காலை எட்டரைக்கு மில்லிமீற்றர் கணக்கில் அளந்து எழுதவேண்டும். ஊரில் ஐந்து இடத்தில் வைக்கவேண்டும் என்றார்கள். ஒன்று மெயின் றோட்டில் அத்தாஉல்லாவின் கடை முற்றத்துக்குப் போனது. இன்னொன்றை உன் வீட்டு முற்றத்தில்தான் வைக்கப் பார்த்தேன், ஆனால் ஆளில்லாத வீட்டில் பாதி புதைந்த குழாயைக் கண்டால் எவனாவது குண்டு என்று அறிவித்துவிடுவான் என்று கனகசுந்தரம் ஐயா பயந்தார். ஆகவே மதிலுக்கு இந்தப் பக்கம், மாமி சமைக்கிற குசினிக் கதவுக்குப் பக்கத்தில், ஆள் புழங்குகிற இடமாகப் பார்த்துப் புதைத்தோம். வாசிப்பதற்குப் பொறுப்பு நான். சபையில் இருந்து கடிதமும் தந்தார்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறேன். இந்த மாவட்டத்தில் கடிதம் உள்ள மழை வாசிப்பாளர்கள் ஐந்து பேர்தான், அதில் வடிவான கையெழுத்து என்னுடையது.

இன்ஜினியர்கள் இருவரும் பின்னேரங்களில் அளவை முடிந்து நம் வீட்டில் வந்து இருந்து தேத்தண்ணி குடித்துப் போவார்கள். முதல் நாள் யூஜீனியா ஒரு மிடறு குடித்துவிட்டு, மரியாதைக்கு விழுங்கி, கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். நம்முடைய கிணற்றுத் தண்ணி உனக்குத் தெரியும், பாலை விட்டால் திரைந்துவிடும், விடாவிட்டால் கஞ்சித்தண்ணி போல இருக்கும். உன் மாமி அந்தக் கோப்பையைக் கழுவும்போது முகம் விழுந்துபோய் நின்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை. நான் கதை சொல்லிக்கொண்டிருப்பேன், அவர்கள் இரண்டாவது கோப்பையும் கேட்பார்கள். என் கதைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன், இப்போதும் அதில் ஒரு பங்கு உண்டு.

மகன், அந்த மாதம் மழை என்றால் மழை. அத்தாஉல்லா ஒவ்வொரு நாளும் காலையில் கடை வாசலில் நின்று, "அபூசாலி நானா, எனக்கு எழுபது. ஒங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்பார். எனக்குச் சைபர். அடுத்த நாள் அவருக்கு முப்பத்தைந்து. எனக்குச் சைபர். கணுக்கால் தண்ணிக்குள் சாரத்தைத் தூக்கிக்கொண்டு நின்று குனிந்து பார்க்கிறேன், போத்தல் காய்ந்து கிடக்கிறது. கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை. காகம் குடிக்கிறதா என்று ஒளித்திருந்து பார்த்தேன். ஆட்டைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் கட்டிப்போட்டேன். ஒன்பது நாளும் சைபர் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இருந்ததை எழுதுவதுதான் மனுஷனுக்கு அழகு.

பத்தாம் நாள் கனகசுந்தரம் ஐயா புத்தகத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அபூசாலி, உங்கட ஒழுங்கையில முழங்கால் மட்டும் தண்ணி நிக்குது. மழை பெய்யேல்லை எண்டு எழுதியிருக்கிறியள்."

எனக்கு என் வாசிப்பை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "சேர், மழை வேற இடத்துல பெஞ்சிரிக்கும். தண்ணி மட்டும் இங்க வந்திரிக்கும்" என்றேன்.

அவர் அதை யோசித்தார், பிறகு எழுதினார். எழுதினதை வாசித்துக் காட்டியபோதுதான் எனக்கு வேர்த்தது. தில்லையடி ஒழுங்கையில் மழை விழவில்லை, ஆகவே அங்கே கான் தேவையில்லை. தண்ணி சேர்மன் வீட்டுத் தெருப் பக்கமிருந்து வருகிறது, ஆகவே கானை அங்கே கட்டி நிறுத்தினால் போதும். பிழை சொல்ல முடியாத நியாயம், நானே சொல்லிக் கொடுத்த நியாயம். திட்டம் கொழும்புக்குப் போக இன்னும் ஐந்து நாள். உன் வீட்டை என் கையாலேயே தண்ணிக்குள் தள்ளிவிட்டேன் என்று விளங்கியது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை, அதாவது மீன் மட்டும் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் அசர் தொழுது வந்தபோது இருவரும் நம் வீட்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். உன் மாமி கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். யூஜீனியா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னாள்:

"மாமி, இந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் குடிச்சிட்டன். ஒங்கட தேத்தண்ணி மட்டும் என்னெண்டு இவ்வளவு ருசி? கிணத்துத் தண்ணிதானே?"

உன் மாமி இந்தக் கேள்விக்காகத்தான் பத்து நாள் காத்திருந்தாள் போல. "கிணத்துத் தண்ணியா? ஒங்களுக்கு நான் உப்புத் தண்ணி தருவனா மகள். மொத நாள் நீங்க மிச்சம் வச்சிட்டுப் போனீங்க, எனக்குப் பெரிய வெக்கமாப் போச்சு. இது வானத்துத் தண்ணி. அந்தா, நீங்களே நட்டு வச்சிருக்கிற செம்புக் குழாய்ல உள்ளதுதான். ஒரு தூசி இல்ல. இவர் விடிய சுபஹுத் தொழுதுட்டு வந்து திரும்பப் படுத்திடுவார், நான் அந்த நேரமே ஊத்தி எடுத்து வச்சிடுவன்."

கனகசுந்தரம் ஐயா தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது எத்தினையாம் திகதி மழை?" என்று கேட்டார்.

"இண்டைக்கு விடியப் பெஞ்சது சேர். பழசு தரமாட்டன்."

நான் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த விஷயத்தில் எனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம் இருந்தது என்று அவர்களுக்குச் சொன்னேன். உன் மாமிக்குப் பிறகுதான் விளங்கியது. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அல்லாஹ், நான் அரசாங்கத் தண்ணியையா குடுத்தன்" என்று கதிரையில் இருந்துவிட்டாள். இஸ்ஸதீன் வீட்டை நான்தான் விற்க வைத்தேன் என்று அழத் தொடங்கினாள். அப்போது யூஜீனியா பக்கத்தில் வந்து குந்தி இருந்து கேட்டாள்:

"மாமி, அழாதீங்க. போத்தல்ல இருந்ததெல்லாத்தையும் ஊத்துவீங்களா, மிச்சம் வைப்பீங்களா?"

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டன். தண்ணி எவ்வளவோ அவ்வளவு பேரத்தான் கூப்பிடுவன்."

"அப்ப ஒவ்வொரு நாளும் எத்தின கோப்பை எண்டு ஞாபகம் இருக்கா?"

மகன், உன் மாமி கண்ணைத் துடைத்தாள். நிமிர்ந்து இருந்தாள். "திங்கள் மூணு. நீங்க ரெண்டு பேர், இவர். செவ்வா ஆறு. புதன் ஒண்டுதான், அத நானே குடிச்சன். வியாழன் பதினொண்டு. அண்டைக்கு நம்மட வீட்டுல மௌலூது ஓத ஆக்களக் கூப்பிட்ட நாள்."

"சரியாத் தெரியுமா?"

"தேத்தண்ணி குடுத்தது எனக்குப் பிழைக்குமா மகள். யார் குடிச்சாங்க, யார் முகத்தச் சுழிச்சாங்க, எல்லாம் சொல்லுவன்."

"பால் விட்டதா?"

"வெறுந் தேத்தண்ணி."

"சீனி?"

"நம்மட ஊர்ல சீனியக் கையில வச்சுக் கடிச்சுக்கொண்டுதானே குடிக்கிற."

யூஜீனியா எழும்பி நின்று கனகசுந்தரம் ஐயாவைப் பார்த்துச் சிரித்தாள், அந்தப் பிள்ளை சிரித்து அன்றுதான் பார்த்தேன். பையில் இருந்து அளவுக் குவளையை எடுத்தாள். நம் வீட்டுக் கோப்பையை மாமி நிரப்புகிற அளவுக்கு நிரப்பி அளந்தாள். ஒரு கோப்பை பன்னிரண்டு மில்லிமீற்றர் மழை. கேத்தலில் எவ்வளவு ஆவியாகப் போகிறது என்று பார்க்க மூன்று தரம் கொதிக்க வைத்து அளந்தார்கள், நான் மூன்றையும் குடித்தேன். பிறகு சாட்சி. மௌலூதுக்கு வந்த பதினொரு பேரையும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். அத்தாஉல்லாவின் பெண்சாதி றம்லா மட்டும், "நான் பாதிதான் குடிச்சன், சூடு காணாது" என்றாள். அந்த மிச்சத்தைத் தானே குடித்ததாக மாமி சொன்னாள், சொல்லிவிட்டு றம்லாவை ஒரு பார்வை பார்த்தாள். அதையும் எழுதிக்கொண்டார்கள், பார்வையைத் தவிர.

கடைசியில் என்ன வந்தது தெரியுமா? வியாழக்கிழமை மழை அத்தாஉல்லாவுக்கு நூற்றுப் பதினெட்டு. நமக்குப் பதினொரு கோப்பை, நூற்றி முப்பத்திரண்டு. ஊரிலேயே பெரிய மழை உன் வீட்டு மதிலுக்குப் பக்கத்தில்தான் பெய்திருக்கிறது. நான் அன்று பின்னேரமே கடைக்குப் போய் ஒரு பாண் வாங்கி, மிச்சச் சில்லறையை ஆறுதலாக எண்ணிக்கொண்டு, "அத்தாஉல்லா, எனக்கு நூத்தி முப்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் இன்னும் அதிலிருந்து தெளியவில்லை. சேர்மன் தெருவுக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, நாப்பத்திநாலு.

திட்டம் போன சனிக்கிழமை முடிந்தது, செவ்வாய் கொழும்புக்குப் போனது. அங்கே ஒரு பெரிய அதிகாரி பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு போய், ஒரு பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'கோப்பை முறையால் அளந்தது' என்று இருந்ததைக் கண்டு நின்றுவிட்டாராம். அதைப் பற்றியே ஒன்றரை மணி நேரம் கதைத்தார்களாம். கனகசுந்தரம் ஐயா எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தார், பாலும் சீனியும் உட்பட. முடிவில் அந்த அதிகாரி, புத்தளம் போலத் தண்ணி அளக்க இவ்வளவு சாட்சி வைத்த ஊர் வேறு எங்கும் நான் கண்டதில்லை என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாராம். இதை எனக்கு ஐயாவே சொன்னார். அதிகாரி என் பெயரையும் விசாரித்ததாக அவர் சொல்லவில்லை, ஆனால் விசாரித்திருப்பார்.

திட்டத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் நம்முடைய ஒழுங்கையின் பெயர் இருக்கிறது. நான் விரல் வைத்துப் பார்த்தேன். உன் மாமியின் பெயரும் இருக்கிறது, தகவல் தந்தவர் என்று. ஆகவே இனிமேல் உன் வீட்டுக்குள் தண்ணி வராது. இதற்கு நான் பொறுப்பு. வீடு பூட்டியது பூட்டியபடி, உள்ளே தூசி கூட இல்லாமல், காய்ந்த விறகு போல இருக்கிறது. சாவி என் இடுப்பில். அற்றோணிப் பத்திரத்தை அனுப்பாதே. நீர்கொழும்புக்காரருக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடு. நோன்புக்குத் தலைப்பிறை காணும் முன்னமே மூன்று பேரும் வந்து சேருங்கள். ஜெமீலா அந்தக் கட்டிலில் இருந்து தரையில் கால் வைக்கும்போது கால் நனையாது. நனைந்தால் நீ மதிலை உடைத்து என் வீட்டில் குடியிரு, நான் உப்பளத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு இந்த ஒழுங்கையால் நடந்தவன் நான். உன் பிள்ளையையும் வைத்து நடக்கவேண்டும், முழங்கால் வலிதான் போய்விட்டதே. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், மற்றதெல்லாம் சும்மா.

மாமி உனக்கும் ஜெமீலாவுக்கும் சலாம் சொல்லச் சொன்னாள். குழந்தைக்கு நெற்றியில் ஒரு முத்தம், அதை நீ கொடுத்துவிடு. உங்கள் உழைப்பிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத்தைச் சொரிவானாக, ஆமீன்.

இப்படிக்கு, உன் நன்மையை மட்டுமே நினைக்கும்
மாமா,
அபூசாலி
(மழை வாசிப்பாளர்)

பி.கு. - திங்கட்கிழமை, தபால்கந்தோருக்குப் போகுமுன் எழுதுவது.

உறையைத் திரும்பப் பிரித்துவிட்டேன். நேற்று மத்தியானம் லுஹருக்குப் பிறகு மழை பிடித்தது. சாவி என் இடுப்பில் என்று எழுதினேன் அல்லவா, ஒரு சாவிதான் இடுப்பில். மற்றதைப் போன கிழமையே இன்ஜினியர்களிடம் கொடுத்திருந்தேன். அவர்களுக்கு ரவுனில் அறை கிடைக்கவில்லை, பூட்டிக் கிடக்கிற வீடு தானே என்று யூஜீனியாவுக்கு உள் அறையும், ஐயாவுக்கு ஹோலுமாக விட்டிருந்தேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எழுதவில்லை. நேற்று அவர்கள் உள்ளே இருந்து கான் வெட்டுவதற்கு வரைபடம் கீறிக்கொண்டிருக்கும்போதே தண்ணி முன்கதவால் வந்துவிட்டது. திட்டத்தில் பெயர் ஏறியதற்கும் கான் வெட்டுவதற்கும் நடுவில் இரண்டு வருஷம் இருக்கிறதாம், அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஐயா மேசைக்கு மேலே காலை மடக்கி இருந்தார், யூஜீனியா ஜெமீலாவின் கட்டிலில் வரைபடங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் கவலைப்படாதே, இருவருக்கும் பெரிய சந்தோஷம். வெள்ளம் வீட்டுக்குள் வருவதை வீட்டுக்குள்ளேயே இருந்து அளக்கக் கிடைப்பது லேசில்லையாம். உடனே உன் ஹோல் சுவரில் தரையில் இருந்து நாலு அடி உயரத்துக்குக் கறுப்புப் பெயின்ற்றால் அளவுகோல் கீறி, அடியும் அங்குலமும் எழுதிவிட்டார்கள். நேற்றுத் தண்ணி நின்ற இடத்தில் சிவப்புக் கோடு, அதற்குப் பக்கத்தில் திகதி, அதற்கு மேலே சபையின் முத்திரை. கோடு, கீழ்த்தட்டில் வைத்திருக்கிற உங்கள் கலியாணப் படத்துக்கு நாலு விரற்கடை கீழேதான், படத்துக்கு ஒன்றுமில்லை. இனி இந்த ஊரில் வெள்ளம் எவ்வளவு என்று கேட்டால் உன் வீட்டுச் சுவர்தான் பதில். இந்த மாரியும் அடுத்த மாரியும் தண்ணி ஒழுங்காக உள்ளே வந்துபோனால்தான் கான் அளவு சரியாக வருமாம், ஆகவே அதுவரை யாரும் தடுக்கக் கூடாது. அதனால் நோன்புக்கு வராதீர்கள், கட்டிலில் இடமில்லை.

வீட்டை விற்காதே என்று மேலே மூன்று பக்கம் எழுதினேன். அதை இனி வாசிக்கவேண்டியதில்லை. காலையில் உன் தரகர் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தார். அந்த ஆள் ஹோலுக்குள் போய்ச் சுவரைக் கீழிருந்து மேலே ஒருதரம் வாசித்தார், முத்திரையைத் தொட்டுப் பார்த்தார், சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.